பேச்சில்லாத பக்கங்கள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், கியூபெக்கின் வில்லரேப் பகுதியில் இருக்கும் லூக்கின் சித்திரக்கதைக் கடையின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். மடக்குக் கதிரைகள், ஒரு கோப்பிக் கேத்தில், யாராவது வாங்கி வரும் பிஸ்கற் பெட்டி. அங்கே பேசப்படுவது ஒரே விஷயம்தான்: 'நோர்தே'.

நோர்தே என்பது கியூபெக்காரர் வடகிழக்குக் குளிர்காற்றுக்குச் சொல்லும் பெயர். அந்தப் பெயரில் ஒரு சித்திரக்கதைத் தொடர் முப்பது வருடங்களுக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது. அதன் நாயகி பகலில் கட்டடங்களில் லிஃப்ற் திருத்துபவள். ஊருக்கு ஆபத்து வந்தால் கையை உயர்த்திக் காற்றைத் திருப்பி விடுவாள். பெரிய அமெரிக்க நாயகர்களுக்கு முன்னால் அவள் சின்ன ஆள்தான். ஆனால் அந்தப் பின்னறையில் இருப்பவர்களுக்கு அவளைவிடப் பெரிய ஆள் கிடையாது.

வசீகரன் அந்தக் கூட்டத்தின் மூத்த உறுப்பினர்களில் ஒருவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். நல்ல உயரம், தாழ்ந்த குரல், அவசரமில்லாத நடை. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வில்லரேக்குப் பக்கத்திலுள்ள பார்க்-எக்ஸ்ரென்சனில் குடியேறியவர். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரவேற்பு வகுப்பு வைத்திருந்தார்கள். முதல் குளிர்காலம் முழுவதும் அந்த வகுப்பில் அவர் வாயே திறக்கவில்லை. வகுப்பின் மூலையில் ஒரு தட்டு நிறையச் சித்திரக்கதைகள் இருந்தன. ஒரு சொல்லும் விளங்காமல், படங்களை மட்டும் பார்த்துப் பார்த்து, யார் நல்லவன், யார் பொய் சொல்கிறான், யாருக்குப் பயம் என்று அவர் கதையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பிரெஞ்சு வந்தது, நன்றாகவே வந்தது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. நோர்தேயின் புது இதழ் கையில் கிடைத்தால் முதலில் கடைசிப் பக்கம்வரை படங்களை மட்டும் பார்ப்பார். எழுத்து அதற்குப் பிறகுதான்.

செலீன் அந்தக் கூட்டத்துக்கு வந்து சில வருடங்கள்தான். மன்னாரில் பிறந்து, குழந்தையாக இங்கே வந்தவள். லவாலில் வீடு. உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு இலக்கியம் படிப்பிக்கிறாள். வந்த முதல் நாளே எழுந்து, பழைய இதழ்களில் படங்கள் இடித்துப் பிடித்து நிற்பதால் எழுத்தாளருக்கு மூச்சுவிடவே இடமில்லை என்று சொன்னாள். வசீகரன் திரும்பிப் பார்த்து, தமிழில் கேட்டார்.

"நீர் தமிழோ?"

"ஓம்."

"அப்ப ஏன் இப்பிடிக் கதைக்கிறீர்?"

அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம். பிரெஞ்சில் ஆரம்பிக்கும், சூடு ஏறியதும் தமிழுக்கு மாறிவிடும். மற்றவர்கள் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். லூக் கரண்டியால் கோப்பையில் தட்டித் தங்களுக்கும் விளங்கும் பாஷையில் பேசச் சொல்லுவார். அவள் அவரை வசி அண்ணை என்பாள். அவர் அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுப்பார். ஆனால் விட்டுக்கொடுக்கிறது என்ற பேச்சு இரண்டு பக்கமும் இல்லை.

தொடரைத் தொடக்கத்திலிருந்து வரைந்த ஓவியர் கை நடுக்கத்தால் ஓய்வு பெற்றபோதுதான் இந்த வாக்குவாதம் வேறு விதமாக மாறியது. எழுத்தாளர் அதே ஆள். ஓவியத்துக்கு ஒரு இளம்பெண் வந்தாள். பழையவர் காற்றைத் தடித்த மைக்கோடுகளாக இழுப்பார். அந்தக் கோடுகள் கட்டங்களின் எல்லையை வெட்டிக்கொண்டு பக்கம் முழுவதும் ஓடும். புதியவளின் படங்களில் அந்தக் கோடுகளே இல்லை. முகங்கள் அழகு, ஆனால் ஆட்களுக்குப் பாரமில்லை, காலுக்குக் கீழே நிழலில்லை என்று வசீகரன் குறைப்பட்டார். காற்றில்லாத நோர்தே என்ன நோர்தே என்று கேட்டார். செலீனோ, இப்போதுதான் தொடருக்கே உயிர் வந்திருக்கிறது என்றாள். முப்பது வருடமாக மூன்று வசனத்தையே திருப்பித் திருப்பிச் சொன்ன நோர்தேக்கு இப்போது ஒரு தாய் இருக்கிறாள், தாயோடு கோபம் இருக்கிறது, சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கின்றன. படம் கொஞ்சம் ஒதுங்கி நின்றதால்தான் எழுத்துக்கு அந்த இடம் கிடைத்தது என்பது அவளுடைய கட்சி.

ஒரு ஒக்டோபர் சனிக்கிழமை அது எல்லை மீறிப் போனது. படம் பார்க்கத் தெரியாதவர்கள் நாவல் வாசிக்கலாம், இங்கே வந்து எங்களுடைய நேரத்தை வீணாக்கத் தேவையில்லை என்று வசீகரன் பிரெஞ்சிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். செலீன் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு தமிழில், அவருக்கு மட்டும் விளங்கும்படி சொன்னாள்.

"நீங்கள் இந்தக் கதையை ஒருநாளும் வாசிச்சதே இல்லை, அண்ணை. பாத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறீங்கள்."

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. பரீட்சை வேலையாக இருக்கும் என்று வசீகரன் வீட்டில் மனைவி தனுஷாவிடம் சொன்னார். காரணம் அதுவல்ல என்று அவருக்கே தெரியும்.

நவம்பர் முடிவில் ஒரு காலை, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸோடு திரும்பிக்கொண்டிருந்தார். வலது கண்ணின் ஓரத்தில் ஏதோ மின்னியது. யாரோ தூரத்தில் வெல்டிங் செய்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு மிளகு தூவியதுபோலக் கறுப்புப் பொட்டுகள். பிறகு கீழேயிருந்து ஒரு நிழல் மெல்ல மேலே ஏறி வந்தது. பஸ்ஸை ஓரமாக நிறுத்திக் கம்பனிக்கு அறிவித்தார். வேறொரு சாரதி வந்து பஸ்ஸை எடுத்துப் போனார். தனுஷா தான் வேலை செய்யும் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் சொல்லிவிட்டு ஓடி வந்து, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

கண்ணுக்குள்ளே இருக்கும் விழித்திரை சுவரிலிருந்து கழன்ற தாள்போல உரிந்துவிட்டது என்று வைத்தியர் விளக்கினார். அடுத்த நாளே ஒப்பரேசன். கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை வைத்து, அது திரையைப் பின்னால் அழுத்திப் பிடிக்கும்படி செய்தார்கள். குமிழி சரியான இடத்தில் நிற்பதற்காக அவர் பல நாட்களுக்கு முகத்தைக் கீழே கவிழ்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் மட்டும் எழும்பலாம், அப்போதும் தலை குனிந்தபடி. கண் அசையக்கூடாது என்பதால் வாசிக்கவும் தடை.

தனுஷா முகம் வைக்க நடுவில் ஓட்டையுள்ள ஒரு மெத்தையை வாடகைக்கு எடுத்து வந்தாள். வசீகரன் அதில் முகத்தைப் புதைத்து, அறையின் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நல்ல கண்ணுக்குத் தெரிந்தது பலகைத் தரையின் ஒரு துண்டு, அவ்வளவுதான். வானொலி சலித்துப் போனது. பேச வருபவர்கள் அவருடைய பின்மண்டையோடு பேசிவிட்டுப் போனார்கள். அந்தக் கிழமை தபாலில் வந்த நோர்தேயின் புது இதழ் பிளாஸ்ரிக் உறை பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

தனுஷா வாசித்துக் காட்டப் பார்த்தாள். அவளுடைய பிரெஞ்சு கார்டெரிப் பிரெஞ்சு: கை கழுவுங்கள், வரிசையில் நில்லுங்கள், அழக்கூடாது. நோர்தே அந்தக் குரலில் வில்லனை மிரட்டியபோது வசீகரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாது, தலை அசையும் என்று சொல்லி அவள் இதழை மூடி வைத்தாள். அன்று அவருக்குச் சொல்லாமல், அவருடைய போனிலிருந்து செலீனின் இலக்கத்தை எடுத்துக் கதைத்தாள். வீட்டில் இப்படி ஒரு மனிசன் தரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார், உங்களுக்குள் என்ன கோபமோ எனக்குத் தெரியாது, ஆனால் வாசிக்க உங்களை விட்டால் ஆளில்லை என்றாள்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு செலீனின் அழைப்பு வந்தது. தனுஷா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்தாள்.

"படம் பாக்காத ஆள் எனக்குப் படம் சொல்லப்போறீரோ?" என்றார் வசீகரன்.

"வாசிக்கட்டோ, வைக்கட்டோ?"

வசீகரன் முகத்தை மெத்தையில் சரிசெய்துகொண்டார்.

"வாசியும்."

அவள் தன்னுடைய பிரதியிலிருந்து நன்றாக வாசித்தாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றினாள். நோர்தேயின் தாய் ஆஸ்பத்திரியில் இறந்துபோகும் இடத்தில், தாயும் மகளும் கடைசியாகப் பேசுவது சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான். அந்த வசனங்களைக் கேட்கும்போது, தான் இவ்வளவு காலமும் இப்படிப்பட்ட இடங்களை எவ்வளவு அவசரமாகக் கடந்திருப்பேன் என்று வசீகரன் நினைத்துக்கொண்டார். பிறகு குரல் நின்றது. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் நிப்பாட்டிப்போட்டீர்?"

"இதிலை ஒண்டும் எழுதேல்லை, அண்ணை. அடுத்த பக்கத்திலையும் இல்லை. எட்டுப் பக்கத்துக்கு ஒரு சொல்லும் இல்லை."

"அப்ப என்ன இருக்கு?"

"அவள் நிக்கிறாள்."

"எங்கை?"

"தாயின்ரை வீட்டுக்குப் பின்னாலை. ஒழுங்கையிலை. பல்கனியள் தெரியுது."

"எந்த நேரம்? ஆக்கள் இருக்கினமோ? அவள் எங்கை பாக்கிறாள்?"

செலீன் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. ஆனாலும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, கட்டம் கட்டமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒழுங்கையில் ஆளில்லை. பின்னேர வெளிச்சம். பல்கனிக்குப் பல்கனி உடுப்புக் காயப்போடும் கயிறுகள். தாயின் கயிற்றில் இன்னும் உடுப்புகள் கிடக்கின்றன, யாரும் எடுக்கவில்லை. முதலில் அவளுக்குச் சொற்கள் தட்டுப்பட்டன. பாடம் படிப்பிக்கும்போது ஒருநாளும் தடுமாறாதவள், ஒரு சட்டை எப்படித் தொங்குகிறது என்று சொல்ல இரண்டு மூன்று தரம் முயன்றாள்.

"சட்டையள் எல்லாம் ஒரு பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிக்குது. ஆரையோ கூப்பிடுற மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். அவளின்ரை தலைமயிரும் அந்தப் பக்கம்தான்."

வசீகரன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"காத்துக் கோடு கீறியிருக்கோ?"

"இல்லை. ஒரு கோடும் இல்லை."

கோடு இல்லாமலே, அந்தத் தரையைப் பார்த்துக் கிடந்த இடத்தில், அவருக்குக் காற்றுத் தெரிந்தது. எங்கேயிருந்து வருகிறது, எவ்வளவு பலம், எவ்வளவு குளிர் என்பதுவரை தெரிந்தது.

செலீன் தொடர்ந்தாள். நோர்தே படியேறுகிறாள். கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். ஒரு சட்டையின் கையைப் பிடிக்கிறாள், விடுகிறாள். பிறகு தன் கையை உயர்த்துகிறாள். வழக்கமாக அவள் கையை உயர்த்தினால் ஏதாவது உடையும், யாராவது தூக்கி எறியப்படுவார்கள்.

"கடைசிப் படத்திலை உடுப்பெல்லாம் நேரா தொங்குது," என்றாள் செலீன். "அவ்வளவுதான். வேறை ஒண்டும் இல்லை."

அறை வாசலில் அகப்பையோடு நின்ற தனுஷா, அவர்கள் இருவரையும் முந்திக்கொண்டாள்.

"ஏன், அவள் காத்தை நிப்பாட்டிப்போட்டாளோ?"

தாள் ஒன்று திரும்பவும் பின்னுக்குப் புரண்டது. "ஓம் அக்கா," என்றாள் செலீன். "நிப்பாட்டிப்போட்டாள்."

வசீகரனின் முகத்துக்கு நேர் கீழே பலகையில் ஒரு துளி விழுந்தது. கண்ணுக்கு விட்ட மருந்தாகவும் இருக்கலாம். நான் தனியாக வாசித்திருந்தால் இந்த எட்டுப் பக்கத்தையும் அரை நிமிடத்தில் புரட்டியிருப்பேன் என்று செலீன் சொன்னபோது, அதைப் பிடித்துக்கொண்டு வெல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்கும் நேரமிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அந்த நாட்களில் அவள் பழைய இதழ்களையும் எடுத்து வைத்துச் சொன்னாள். போகப் போக அவளுடைய கண் கூர்மையானது. பழைய ஓவியர் ஒரு இடத்தில் நோர்தேயின் வலது கையில் கட்டைவிரலைப் பிழையான பக்கத்தில் வரைந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். முப்பது வருடமாக அது வசீகரனின் கண்ணில் படவில்லை. அவர் அதை நம்ப மறுத்தார். தனுஷாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவளும் ஓம், பிழைதான் என்றாள். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

குனிந்து கிடக்கும் நாட்கள் முடிந்தன. குமிழி சிறுத்து, பார்வையின் அடியில் தச்சனின் ரசமட்டத்தில் ஆடும் நீர்போல ஆடிக்கொண்டிருந்தது. இடது கண்ணால் வாசிக்கலாம் என்று அனுமதி கிடைத்ததும், வசீகரன் முதலில் அந்த இதழைத்தான் எடுத்தார்.

ஏமாற்றமாக இருந்தது. அவர் மனதில் பார்த்த ஒழுங்கை பழைய ஓவியரின் கையால் வரைந்தது: இருண்டது, உயரமானது, மை சொட்டுவது. இங்கே இருந்ததோ வெளிறிய நிறங்கள், சின்ன உருவங்கள், பாதிப் பக்கம் வெறும் வானம். இதையா கேட்டுக் கலங்கினேன் என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அடுத்த நாள் திரும்பவும் எடுத்தார். அந்த எட்டில் மூன்றாவது பக்கத்தின் மூலையில், பல்கனிக் கதவடியில், தாயின் செருப்புகள் கிடந்தன. ஒன்று நேராக, மற்றது கொஞ்சம் திரும்பி, கழற்றிவிட்டு உள்ளே போனவள் இப்போது வந்துவிடுவாள் என்பதுபோல. செருப்புகளுக்குக் கீழே மெல்லிய நிழல் இருந்தது.

உடனே செலீனை அழைத்தார்.

"நீர் செருப்பைச் சொல்லேல்லை."

"எந்தச் செருப்பு?"

அவள் தன்னுடைய பிரதியை எடுத்துப் பார்க்கும்வரை காத்திருந்தார்.

"ஐயோ," என்றாள். "நான் காணேல்லை, அண்ணை."

வலது கண் முழுதாகத் திரும்பி வரவில்லை. பார்வை வந்தது, ஆனால் நேர்கோடுகள் வளைந்து தெரிந்தன. கதவு நிலை நடுவில் வயிறு வைத்து நின்றது. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அனுமதியைத் திருப்பித் தரவில்லை. அவர் எதிர்பார்த்ததுதான். கம்பனி அவரை அலுவலகத்தில் உட்கார்த்தி, இருவழி வானொலியில் மற்றச் சாரதிகளுக்கு வழி சொல்லும் வேலையைக் கொடுத்தது. வேலை சுகம், குளிரில் நிற்கத் தேவையில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஸ்ரியறிங்கை விட்டதில் அவருக்குப் பெரிய கவலை இல்லை. பின்னாலிருந்து வரும் பிள்ளைகளின் இரைச்சல் இல்லாத காலைகள்தான் பழக நாளெடுத்தன. தனுஷா சில நாட்களில் கார்டெரியிலிருந்து போன் எடுத்து, ஒன்றும் பேசாமல், பிள்ளைகள் நடுவில் போனைப் பிடித்துக் கேட்க விடுவாள்.

இளவேனிலில் லூக் அந்தப் புது ஓவியரைக் கடைக்கு அழைத்திருந்தார். கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. வசீகரன் அவளை என்ன கேட்கப் போகிறாரோ என்று லூக்குக்குப் பயம். முந்தின நாளே அவருக்குப் போன் எடுத்து, பாவம், இளம்பிள்ளை, கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வசீகரன் எழுந்து, முதலில் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். இனி வலது கண்ணில் உங்களுடைய கோடுகள் எல்லாம் எனக்கு வளைந்துதான் தெரியும், அதனால் கோட்டைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதை யாரும் பெரிதாக எடுக்கத் தேவையில்லை என்றார். பிறகு, அந்தப் பேச்சில்லாத பக்கங்களை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன் என்றார். காற்றை வரையாமல் விடுவது என்று எப்படித் தீர்மானித்தீர்கள் என்று கேட்டார்.

அந்தப் பெண் கூச்சப்பட்டாள். எழுத்தாளர் அந்த எட்டுப் பக்கத்துக்கும் அனுப்பிய குறிப்பு மிகவும் சின்னது என்றாள். காற்று இருக்கிறது. பேச்சு இல்லை. மற்றது உன் விருப்பம். அவ்வளவுதான். முதலில் பழைய ஓவியரைப் போலவே தடித்த கோடுகளை இழுத்துப் பார்த்தாளாம். இரவல் உடுப்புப்போல இருந்ததாம். அழித்துவிட்டு, தன் வீட்டுப் பின்னொழுங்கையில் ஒரு மத்தியானம் முழுக்க அயலவர்களின் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். யாரோ சந்தேகப்பட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்களாம். எல்லாரும் சிரித்தார்கள்.

செலீன் வசீகரனின் பக்கம் சரிந்தாள்.

"பாத்தீங்களே, அண்ணை. முதல் எழுதினதுதான். காத்து இருக்கு, பேச்சு இல்லை எண்டு அவர் எழுதாட்டி இது எங்கை?"

"மூண்டு வரி. மிச்ச எட்டுப் பக்கமும் ஆர் செய்தது?"

"அந்த மூண்டு வரிக்குத்தானே எட்டுப் பக்கம் வந்தது."

"நீர் செருப்பைக்கூடக் காணேல்லை. நீர் கதைக்கிறீர்."

லூக் கரண்டியை எடுத்துக் கோப்பையில் தட்டினார்.

கூட்டம் முடிந்து இருவரும் ஜோன்-தாலோன் மெற்றோவுக்கு நடந்தார்கள். படியிறங்கும்போது வசீகரன் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார். செலீன் உதவி செய்யப் போகாமல், அவருடைய வேகத்துக்கு இறங்கினாள். அவளுக்கு லவால் போகும் ஆரஞ்சுப் பாதை, அவருக்கு நீலப் பாதை. இரண்டும் பிரியும் இடத்தில் நின்று, அந்தக் கிழமை வந்த புது இதழைப் பற்றிக் கேட்டார்.

"எனக்குப் பிடிக்கேல்லை," என்றாள் செலீன்.

"எனக்கும் இல்லை."

இருவருக்கும் இது புதிதாக இருந்தது. கீழே ஒரு ரெயில் வந்து நின்று, கதவு மூடிப் போனது.

"உங்களுக்கு ஏன் பிடிக்கேல்லை?" என்று அவள் கேட்டாள்.

அவர் காரணத்தைச் சொன்னார். அவள் பாதியிலேயே அதுவல்ல என்று தலையை ஆட்டி, பையிலிருந்து இதழை வெளியே எடுத்தாள்.